ஐம்பதாம் நாள்: சீனாய் மலையிலிருந்து வேதாளை வரை



நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், ராமேசுவரம் எங்கும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும். பெந்தக்கோஸ்து திருநாள் மே 10க்கு முன்னும் வராது, ஜூன் 13க்குப் பின்னும் வராது. அதனால் எந்த ஆண்டானாலும் இந்தத் தடைக்காலத்துக்குள்தான் அது வந்து தீரும். கையில் காசில்லாத மாதத்தில் வருவதாலோ என்னவோ, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போல இதற்கு நம் ஊர்களில் ஆர்ப்பாட்டம் கிடையாது. புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை. சாமியார் சிவப்பு அங்கி போட்டுப் பூசை வைப்பார், அத்தோடு சரி.

என் தங்கை பேத்தி ஒருத்தி மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறாள். போனில் கேட்டாள்: “தாத்தா, பெந்தக்கோஸ்து அன்றைக்குத்தான் திருச்சபை பிறந்தது என்று சிஸ்டர் சொன்னாங்க. அப்படின்னா திருச்சபை பிறக்கிறதுக்கு முன்னாடியே எருசலேம்ல எதுக்கு அவ்வளவு கூட்டம் கூடியிருந்துச்சு?”

நாற்பது வயதுக்காரர்கள்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. போனில் சொன்னது கொஞ்சம்தான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் கூடியது யூதர்களின் திருநாளுக்காக. எபிரேய மொழியில் அதற்கு ஷாவுவோத் என்று பெயர். ‘வாரங்கள்’ என்று பொருள். பாஸ்காவை ஒட்டி வாற்கோதுமையின் முதல் கதிர்க்கட்டை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். அன்றிலிருந்து ஏழு வாரம், நாற்பத்தொன்பது நாள், ஒவ்வொரு நாளாக எண்ணுவார்கள். ஐம்பதாம் நாள் கோதுமை அறுவடையின் விழா. கிரேக்கம் பேசிய யூதர்கள் அந்த ஐம்பதாம் நாளைத் தங்கள் மொழியில் ‘பெந்தகோஸ்தே’ என்றார்கள். ஆக, நாம் சொல்லும் இந்தப் பெயரே கிறிஸ்தவர்கள் வைத்ததல்ல. இயேசு பிறப்பதற்கு முன்பே யூதர்கள் வாயில் புழங்கிய சொல். நாமும் ஈஸ்டரிலிருந்து அதே ஐம்பதைத்தான் எண்ணுகிறோம்.

ஆலயத்துக்கு ஆண்டில் மூன்று முறை யாத்திரை போகவேண்டும் என்பது யூதச் சட்டம்: பாஸ்கா, வாரங்களின் விழா, கூடார விழா. அதனால்தான் பார்த்தியா, மேதியா, எகிப்து, உரோமை என்று எங்கெங்கிருந்தோ வந்த யூதர்கள் அன்று எருசலேமில் இருந்தார்கள். அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று ராமேசுவரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் போய் நின்றால் போதும். இந்தி, மராத்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும். பள்ளிக்கூடமே பார்க்காத நம் ஊர் ஆள் வந்தவரின் மொழியிலேயே பேசிச் சடங்குக்கு அழைத்துப் போவார். அந்த யாத்திரிகருக்கு அதுவே ஓர் அற்புதம்!

இந்த விழாவுக்கு லேவியர் நூல் சொல்லும் முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பாஸ்காவுக்குப் புளியாத அப்பம். ஐம்பதாம் நாளுக்கோ புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பம். அந்த இரண்டும் யூதரும் பிற இனத்தாரும் என்று சில போதகர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அது இழுத்துக் கட்டிய விளக்கமாகவே படுகிறது. அடுத்த வசனத்தைத்தான் கவனிக்கவேண்டும். விழா முறையைச் சொல்லி முடித்த கையோடு, வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்கிறது சட்டம். கரைவலை இழுத்து முடிந்ததும் கூடையோடு வந்து நிற்கும் கிழவிக்குக் கை கொள்ளுமட்டும் மீன் அள்ளிப் போடுவார்களே, அந்த மாதிரி. இணைச்சட்டம் இன்னும் ஒரு படி போகிறது: உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, அந்நியன், அநாதை, கைம்பெண் எல்லாரோடும் சேர்ந்து இந்த விழாவில் மகிழ்ந்திரு, நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்தான் என்கிறது.

இது அறுவடைப் பக்கம். இன்னொரு பக்கம் உடன்படிக்கை.

எகிப்திலிருந்து புறப்பட்ட மக்கள் மூன்றாம் மாதத்தில் சீனாய் மலையடிவாரத்துக்கு வந்தார்கள் என்கிறது விடுதலைப் பயண நூல். கணக்குப் பார்த்தால் வாரங்களின் விழா வரும் மாதம் அதுவே. மலையில் இடி, தீ, புகை. அங்கே மோசே வழியாகச் சட்டம் கொடுக்கப்பட்டது. மோசேயின் நூல்கள் இந்த விழாவையும் சீனாயையும் நேரடியாக முடிச்சுப் போடவில்லை. ஆனால் இயேசுவுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ‘யூபிலிகள்’ என்ற யூத நூல், நோவாவோடு கடவுள் செய்த உடன்படிக்கையையே இந்த விழாவோடு சேர்த்து, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் நாள் இது என்கிறது. சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் 1947க்குப் பிறகு கிடைத்த சுவடிகளில் இந்த நூலின் துண்டுகளும் இருந்தன. அங்கே வாழ்ந்த யூதக் குழுவினர் தங்கள் உடன்படிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தது இந்த விழாவில்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கி.பி. 70இல் உரோமைப் படை ஆலயத்தை இடித்தபின் அப்பம் படைக்க இடமில்லாமல் போயிற்று. அதன்பிறகு யூதர்களுக்கு இந்த நாள் முழுக்க முழுக்கச் சட்டம் பெற்ற நாளாகவே ஆகிவிட்டது.

உடன்படிக்கை என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். நம் கடற்கரைக்கு ஒப்பந்தம் என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். 1974இல் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தத் தீவில் வலை உலர்த்தியவனை, அந்தோணியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றியவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தம் மேலே இருப்பவர்கள் போடுவது. கீழே இருப்பவர்கள் அனுபவிப்பது. சீனாய்க் கதையில் அப்படி இல்லை. நூலை எடுத்து மக்கள் காதில் விழ வாசிக்கிறார் மோசே. எல்லாரும் சேர்ந்து, செய்கிறோம் என்று சொன்ன பிறகுதான் அது உடன்படிக்கை ஆகிறது. அடிமை வேலை பார்த்துவிட்டு வந்த கூட்டத்திடம் போய்ச் சம்மதம் கேட்ட கடவுள் என்பதுதான் அந்தக் கதையின் புதுமை.

இப்போது திருத்தூதர் பணிகள் நூலின் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். காற்று அடிப்பது போன்ற இரைச்சல், நாக்கு நாக்காகத் தீ, பல மொழி. லூக்கா யாரை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறார் என்பது யூத வாசகனுக்கு உடனே விளங்கியிருக்கும்: சீனாய் மலையை. அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபிலோ, சீனாயில் தீயின் நடுவிலிருந்து வந்த குரல் கேட்பவர்களுக்குப் பழகிய மொழியாக மாறியது என்று எழுதியிருக்கிறார். கடவுளின் ஒரே குரல் எழுபது மொழிகளாகப் பிரிந்தது என்று பிற்காலத் தல்மூதிலும் வருகிறது. பொற்கன்று செய்து உடன்படிக்கையை மீறிய நாளில் மடிந்தவர்கள் ஏறத்தாழ 3000 பேர் என்கிறது விடுதலைப் பயணம். பேதுரு பேசிய நாளில் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஏறத்தாழ 3000 பேர் என்கிறார் லூக்கா. எண்ணிக்கை தற்செயலாகப் பொருந்தியது என்று நான் நினைக்கவில்லை.

புதிய உடன்படிக்கை என்ற பேச்சும் கிறிஸ்தவர்கள் தொடங்கியதல்ல. இயேசுவுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் எரேமியா சொன்னது. கல்லில் எழுதிய சட்டத்தை இனி மக்கள் உள்ளத்தில் எழுதுவேன் என்று கடவுள் வாக்களிப்பதாக அவர் சொன்னார். அதையும் இஸ்ரயேல் வீட்டாரோடும் யூதா வீட்டாரோடும் என்று பெயர் சொல்லியே சொன்னார். பெந்தக்கோஸ்து நாளில் அந்த வாக்கு நிறைவேறியது என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அன்று பேசிய பேதுருவும் யூதர், கேட்டவர்களும் யூதர், மேலறையில் இருந்த மரியாளும் யூதப் பெண்.

காற்று என்று சொன்னேன் அல்லவா? எபிரேயத்தில் ‘ரூவாக்’ என்ற ஒரே சொல்தான் காற்றுக்கும் மூச்சுக்கும் கடவுளின் ஆவிக்கும். நம் தமிழிலும் ஆவி என்றால் மூச்சு, உயிர், இட்லிப் பானையில் எழும்புகிற ஆவி, எல்லாம்தான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்த நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன காற்றைக் கேட்டவர்களிடம் ‘பெருங்காற்றின் இரைச்சல்’ என்று வாசித்துப் பாருங்கள். அவர்களுக்கு அது அலங்காரச் சொல் அல்ல.

ஆனால் நம் பாட்டிமார் ஆவி என்று சொன்னதில்லை. ‘இஸ்பிரித்து சாந்து’ என்றுதான் சொல்வார்கள். அது போர்த்துக்கீசியச் சொல். அது எப்படி நம் வாய்க்கு வந்தது என்று தேடினால், என்னை முப்பது ஆண்டுகளாக விடாமல் தொந்தரவு செய்யும் ஒரு மனிதரிடம் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

ஓரியூர் எல்லாருக்கும் தெரியும். 1693இல் அருளானந்தர் வெட்டுண்ட செம்மண்ணை நெற்றியில் பூசாத கத்தோலிக்கர் நம் மாவட்டத்தில் இல்லை. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை என்றால் பலர் முழிப்பார்கள். அங்கே போர்த்துக்கீசியருக்குச் சிறு கோட்டை ஒன்று இருந்தது. ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களிடம் அவர்கள் வரி பிடுங்கியதில்தான் சண்டை மூண்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பிறர் யாத்திரைக்குக் குறுக்கே சங்கிலி போட்டவர்கள் நம் மதத்துக்காரர்கள். இதை நாம் மறைக்கக் கூடாது. 1549இல் நடந்த அந்தச் சண்டையில், மக்களைப் படகில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த அந்தோனியோ கிரிமினாலி என்ற 29 வயது இத்தாலியப் பாதிரியார் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர்.

அவர் இடத்துக்கு முத்துக்குளித்துறையின் தலைவராகச் சக குருக்கள் தேர்ந்தெடுத்தது என்றீக்கே என்றீக்கசை. நம் பழைய நூல்களில் அண்டிறிக்கிப் பாதிரியார் என்று வரும். இவரும் 1520இல் பிறந்தவர்தான், போர்த்துக்கல்லில். இவர் குடும்பம் யூத வழி வந்தது. போர்த்துக்கல் அரசன் 1497இல் நாட்டில் இருந்த யூதர்களை வலுக்கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கினான். அப்படி ஆக்கப்பட்டவர்களைப் ‘புதிய கிறிஸ்தவர்கள்’ என்றார்கள். தலைமுறை தாண்டினாலும் பெயர் மாறாது. இரத்தத் தூய்மை என்று அதற்கு ஒரு சட்டம் வேறு. என்றீக்கசு முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத இரத்தம் என்று தெரிந்ததும் வெளியேற நேர்ந்தது. 1545இல் இயேசு சபை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு கப்பலேறி இந்தியா வந்து, நம் கடற்கரையில் ஐம்பதாண்டுக்கு மேல் இருந்து, 1600இல் இறந்தார்.

பல மொழி பேசும் வரம் அவருக்குத் திடீரென்று இறங்கி வரவில்லை. நம் ஊர் ஆட்களிடம் உட்கார்ந்து வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் படித்தார். தமிழுக்கு ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் இலக்கணம் அவருடையது. 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம்தான். ஆனால் இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அதுவே. மறு ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’. அவரவர் தம் தாய்மொழியில் கேட்டார்கள் என்று லூக்கா எழுதியது நம் கரையில் நடந்தது இந்த மனிதரின் உழைப்பால். சில சொற்களுக்கு நல்ல தமிழ் கிடைக்காமலோ, தைரியம் வராமலோ, போர்த்துக்கீசியத்தையே அந்தக் காலத்துக் குருக்கள் வைத்துவிட்டார்கள். இஸ்பிரித்து சாந்து அந்த வழியில் வந்ததுதான்.

வேடிக்கை என்று சொல்லவா, கொடுமை என்று சொல்லவா தெரியவில்லை. 1560இல் கோவாவில் விசாரணை மன்றம் ஏற்பட்டபோது அதன் முதல் குறி இந்தப் புதிய கிறிஸ்தவர்கள்தான். 1593இல் இயேசு சபையே யூத வழி வந்தவர்களை இனிச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு என்றீக்கசுக்கு 73 வயது. நாற்பத்தைந்து ஆண்டு நம் வெயிலில் காய்ந்த மனிதர், புதிதாகச் சேர வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். அந்தத் தடை முழுதாக நீங்கியது 1946இல்.

யூதர்கள் தங்கள் பெந்தக்கோஸ்து நாளில் எந்த நூலை வாசிக்கிறார்கள் தெரியுமா? ரூத்து. அவள் மோவாபியப் பெண். மோவாபியர் பத்தாம் தலைமுறை வரை ஆண்டவரின் சபைக்குள் வரக்கூடாது என்று இணைச்சட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்படிப்பட்டவள் மாமியார் நகோமியை விடமாட்டேன் என்று கூடவே வந்து, போவாசின் வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி, அவனை மணந்து, தாவீது அரசனுக்குப் பாட்டன் தாயானாள். மத்தேயு எழுதிய இயேசுவின் தலைமுறைப் பட்டியலிலும் அவள் பெயர் இருக்கிறது. உடன்படிக்கை பெற்ற நாளைக் கொண்டாடும்போது, பிறப்பால் உள்ளே வரக்கூடாத ஒருத்தியின் கதையை வாசிக்கவேண்டும் என்று அந்தச் சமூகம் வைத்திருக்கிறது. நாம் அந்த யூதர்களையே பிறப்பைச் சொல்லி விரட்டினோம்.

நம் பாஸ்கு நாடகங்களை நினைத்துப் பாருங்கள். யூதர் என்றால் ஒட்டுத்தாடி, உருட்டு விழி, கத்தல். அதே மேடையில் சூசையப்பருக்கும் மரியாளுக்கும் அந்த வேடம் கிடையாது. 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்கள் என்றோ சபிக்கப்பட்டவர்கள் என்றோ காட்டக்கூடாது என்று தெளிவாக அறிக்கை விட்டது. அறுபது ஆண்டுகள் ஆகின்றன. நம் நாடக வாத்தியார்களுக்கு இன்னும் அது வந்து சேரவில்லை. பவுல் உரோமையருக்கு எழுதியது இன்னும் பழையது: நீ காட்டு ஒலிவக்கிளை, ஒட்டவைக்கப்பட்டவன்; வேர்தான் உன்னைத் தாங்குகிறது, பெருமை பேசாதே என்கிறார்.

ஒரு சகோதரர், இன்றைய இஸ்ரேல் நாட்டு அரசியலையும் இதோடு சேர்த்து எழுதுங்கள் சார் என்று கேட்டிருந்தார். அது வேறு, இது வேறு. ஓர் அரசாங்கம் செய்வதைக் கண்டிக்க ஒருவருடைய வேதத்தைப் பழிக்க வேண்டியதில்லை. ஒருவருடைய வேதத்தை மதிக்க அவர்கள் பெயரில் நடப்பதையெல்லாம் ஆதரிக்க வேண்டியதுமில்லை.

யூதர்கள் நமக்குத் தூரத்து மக்கள் என்றும் நினைக்காதீர்கள். கொச்சியில் 1568இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. இடைக்காலத்தில் அரபு நாடு, சீனம் என்று கப்பல் வந்துபோன நம் பெரியபட்டினத்தில் அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அந்தப் பகுதியில் எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைக் கல்லும் கிடைத்திருக்கிறது. ஆக, பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இந்தக் கரையில் கால் வைக்கும் முன்பே, இங்கே யாரோ ஒருவர் பாஸ்காவிலிருந்து ஐம்பது நாளை விரல்விட்டு எண்ணியிருப்பார்.

பிறப்பைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாதிக்கொரு கோயில், கல்லறைத் தோட்டத்துக்குள் குறுக்குச் சுவர் என்பதெல்லாம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. என் உறவினர்கள் சிலரே பெண் பார்க்கும்போது முதலில் கேட்பது எதை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவர்களும் இதை வாசிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். பேதுரு அன்று யோவேல் இறைவாக்கினரை எடுத்துச் சொன்னபோது புதல்வர், புதல்வியர், இளைஞர், முதியோர், ஆண் ஊழியர், பெண் ஊழியர் என்று பட்டியல் போட்டார். ஐம்பதாம் நாள் விழாவுக்கு யாரையெல்லாம் கூட்டிக்கொள்ளச் சொல்லி இணைச்சட்டம் போட்ட பட்டியலோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. யூதர்கள் மாதத்தை நிலாவைப் பார்த்து எண்ணி, சில ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வதால் இரண்டு விழாவும் எப்போதும் ஒட்டி வராது. 2024இல் நமது பெந்தக்கோஸ்து மே 19, அவர்களது ஜூன் 12. 2025இல் அவர்களது ஜூன் 2, நமது ஜூன் 8. 2026இல் அவர்களது மே 22, வெள்ளிக்கிழமை. நமது மே 24, ஞாயிறு. இரண்டே நாள் வித்தியாசம்.

பழைய பழக்கம் போகவில்லை, அதனால் வீட்டுப்பாடம் உண்டு. ரூத்து நூல் நான்கே அதிகாரம். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். போவாசு தன் வேலைக்காரர்களிடம் ரூத்துக்காக ரகசியமாக என்ன செய்யச் சொன்னான் என்பதைக் கண்டுபிடித்துக் கமெண்டில் எழுதுங்கள். இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக்கூடாது.